யூஜின் சாண்டோ

கையில்லாத பனியனைச் ‘சாண்டோ பனியன்’ என்று கேட்டு வாங்குகின்றோம். உடல்வலி மிக்கார் தம் பெயருக்கு முன் ‘சாண்டோ’ என்று அடைமொழி பூண்டதும் உண்டு. திரைப்படத் தயாரிப்பாளர் சின்னப்பா தேவர் அவருள் ஒருவர். அஃது ஒரு மனிதரின் பெயர் என்பதைப் பலர் அறியார்.

அம்மனிதர் பிரஷ்ய நாட்டுக் கோனிக்ஸ்பர்க் நகரில் 1867ஆம் ஆண்டு பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் பிரீடரிக் வில்ஹெல்ம் முல்லர். இளமையில் தாம் மெலிந்திருந்ததாகவும், தந்தையாருடன் இத்தாலி சென்று பண்டை வீரர்தம் சிலைகளைக் கண்டபின் அத்தகைய உடலை விரும்பியதாகவும் அவரே எழுதியுள்ளார். இக்கதையை ஆராய்ச்சியாளர் ஐயுறுவர். பிரஸ்ஸல்ஸ் நகரில் அட்டிலா என்னும் ஆசானிடம் பெரும்பளு தூக்கிப் பயின்றதே ஐயத்திற்கு இடமில்லாத செய்தி. 1889இல் இலண்டன் அரங்கில் சாம்ப்சன் என்னும் வீரரை வென்றார், புகழ் பரவிற்று.

1897இல் அந்நகரில் உடற்பயிற்சி நிலையம் ஒன்று நிறுவினார். எழுத்தரும் கடைச் சிப்பந்திகளும் அளவு நாடாவுடன் அங்கு வந்தனர். சில வாரங்களில் சாண்டோ ஆகிவிடலாம் என்பது அவருட் பலரது எண்ணம்! உடலின் இயல்போ வேறு. முதற் சில வாரங்களில் பளு எளிதாகத் தோன்றுவது, பெரும்பாலும் நரம்புகள் தசையை நன்கு ஏவப் பழகுவதனாலேயே ஆகும். தசை கண்ணுக்குப் புலப்படப் பருப்பதற்குத் திங்கள் பல வேண்டும். அதன்பின் வளர்ச்சி ஆண்டுக்கு ஆண்டு குறையும். எலும்பின் அமைப்பும் பிறவிக் கூறும் ஒவ்வொருவர்க்கும் ஓர் எல்லையை வகுத்துள்ளன. போதிய உணவும் உறக்கமும் இல்லாதார்க்கு அவ்வெல்லையும் எட்டாது.

சாண்டோ இதனை அறியாதவர் அல்லர். அவர்தம் நூலில் வயதிற்கேற்ற அட்டவணைகள் உள்ளன. பயிற்சியின் எண்ணிக்கையைச் சிறிது சிறிதாகவே கூட்டச் சொல்கின்றன. ஆயினும் அவர் வணிகரும் ஆவார். தாம் பெரும்பளுவால் உரம் பெற்றிருந்தும், சுருள்வில் பொருத்திய இலேசான டம்பெல்களை மக்களுக்கு விற்றார். அவற்றால் உடல்நலம் பெற்றோர் உண்டு. சாண்டோவைப்போல் ஆனவர் அரியர். இவ்வொரு செய்கையை யான் மெச்சேன்.

அவரை மெச்சத்தக்க இடம் வேறு. 1901ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள் இலண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் ஆணழகர் போட்டி ஒன்றினை நடத்தினார். ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை இயற்றிய கானன் டாயிலும் நடுவருள் ஒருவர். பருத்த தசைக்கே பரிசு என்று விதிக்கவில்லை; உறுப்புகளின் ஒத்த வளர்ச்சி, தோலின் தன்மை, பொதுநலம் ஆகியனவும் நோக்கப்பட்டன. நாட்டிங்காமைச் சேர்ந்த முர்ரே என்பவர் முதற்பரிசு பெற்றார்.

1904–05இல் சாண்டோ இந்தியாவிற்கு வந்து தம் ஆற்றலைக் காட்டினார். 1925இல், 58ஆம் வயதில், இலண்டனில் இறந்தார். அவர் புதைக்கப்பட்ட இடத்தில் நெடுங்காலம் பெயர் பொறித்த கல் ஒன்றும் இல்லை.