ஆறு புள்ளி கண்ட லூயி பிரெயில்

தேர்வு நெருங்கினால் நாம் அனைவரும் மனப்பாடத்தில் இறங்கிவிடுகிறோம். மறந்து போனால் புத்தகத்தைத் திறந்து பார்த்துக் கொள்கிறோம். திறந்து பார்க்க ஏட்டுக்கே வழியில்லாத மாணவன் என்ன செய்வான்? அப்படியொரு மாணவரே லூயி பிரெயில்.

பிரான்சு நாட்டில், பாரிசு நகருக்குக் கிழக்கே கூவ்ரே என்னும் சிற்றூரில் 1809 ஜனவரி 4-ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் குதிரைச் சேணம் செய்பவர். மூன்று வயதில் தந்தையின் பட்டறையில் விளையாடியபோது கூரிய கருவியொன்று லூயியின் கண்ணில் குத்திவிட்டது. புண் மற்றக் கண்ணுக்கும் பரவ, இரு கண்களும் ஒளியிழந்தன.

பெற்றோர் அவரை மூலையில் முடக்கவில்லை. ஊர்ப் பள்ளிக்கு அனுப்பினர். காதால் கேட்டதை நெஞ்சில் நிறுத்தியே அவர் கற்றார். 1819-இல் பாரிசிலுள்ள பார்வையற்றோர் பள்ளியில் சேர்ந்தார். அங்கே தடவிப் படிக்கப் புடைப்பெழுத்து நூல்கள் சில இருந்தன. அவை பெரியவை, கனமானவை; படிப்பதோ மிக மெதுவாகவே இயலும். அவ்வெழுத்தில் தம் கையால் குறிப்பு எழுதவும் மாணவர்க்கு வழியில்லை. நினைவாற்றல் ஒன்றே துணை!

அந்நாளில் சார்ல்சு பார்பியே என்பவர் பன்னிரண்டு புள்ளிகள் கொண்ட எழுத்து முறையை அப்பள்ளிக்குக் கொண்டுவந்தார். லூயி அதைக் கற்றதோடு நில்லாமல், அதன் குறை என்னவென்றும் சிந்தித்தார். பன்னிரண்டு புள்ளிகள் விரல் நுனிக்குள் அடங்கவில்லை. அவை ஒலியைக் காட்டினவேயன்றி எழுத்துக் கூட்டலைக் காட்டவில்லை. ஆகவே புள்ளிகளை ஆறாகக் குறைத்தார். அந்த ஆறு புள்ளிகளால் 63 வடிவங்கள் கிடைத்தன. எழுத்து, எண், இசைக்குறி அனைத்தும் அவற்றுள் அடங்கின. 1824-இல் இம்முறையை உருவாக்கியபோது அவருக்கு வயது பதினைந்தே. நம்மில் பலருடைய வயதுதான்!

1829-இல் அதனை நூலாக வெளியிட்டார். அப்பள்ளியிலேயே ஆசிரியராகவும் பணிபுரிந்தார். ஆயினும் 1840-க்குப் பின் சில காலம் அவருடைய முறை அங்கேயே தடுக்கப்பட்டது. மாணவர்களோ மறைவாக அதைப் பயின்று காப்பாற்றினர். காசநோயால் நலிந்த லூயி 1852 ஜனவரி 6-ஆம் நாள், 43-ஆம் வயதில் மறைந்தார். 1854-இல்தான் பிரான்சு அவர் முறையை ஏற்றது. 1951-இல் இந்திய மொழிகளுக்கெனப் பொதுவான பிரெயில் முறை வகுக்கப்பட்டது. இன்று தமிழும் அந்த ஆறு புள்ளிகளில் வாசிக்கப்படுகிறது.

நினைவாற்றல் லூயிக்குப் பாடத்தைத் தந்தது. சிந்தனை குறையைக் காட்டியது. படைப்பாற்றல் புதுவழி கண்டது. இம்மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் அவருக்குப் பின் வந்த பார்வையற்ற மாணவர்களின் கையில் ஏடு வந்திராது. நாமும் பாடத்தை ஒப்பித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிடாமல், 'ஏன்?' என்றும், 'வேறு வழி உண்டா?' என்றும் ஒருமுறை கேட்டுப் பார்ப்போமா?