தயிரை நம்பின விஞ்ஞானி

மெஸ்ஸில் கடைசியா ஒரு கை தயிர் சாதம் சாப்பிடாம எழுந்திருக்காத ஆளா நீங்க? அப்போ இந்த மனுஷனை உங்களுக்குப் பிடிக்கும். பேர் எலி மெட்ச்னிகாஃப். சிரிக்காதீங்க, நிஜ எலியும் பின்னாடி வருது. ப்ளஸ் டூவில் பயாலஜி எடுத்தவங்களுக்கு விழுங்கு செல் ஞாபகம் இருக்கும். உடம்புக்குள்ள நுழையுற கிருமியைச் சுத்தி வளைச்சுத் தின்னுடுற செல். அதோட வேலை என்னன்னு உலகத்துக்குச் சொன்னவர் இவர்தான்.

1845-ல் அன்றைய ரஷ்யப் பேரரசில், இன்றைய உக்ரைனின் கார்கிவ் பக்கத்தில் பிறந்தார். டாக்டர் இல்லை, விலங்கியல் படிச்சவர். ஒடெஸாவில் பேராசிரியரா இருந்தார். முதல் மனைவி லுட்மிலா 1873-ல் காசநோயில் இறந்துபோனார். பிறகு இரண்டாவது மனைவி ஓல்காவுக்கு டைஃபாய்டு வந்தது. ஓல்கா பிழைச்சுக்கிட்டார், ஆனா இவர் உடைஞ்சுபோனார். இரண்டு தடவை உயிரை விடப் பார்த்து இரண்டு தடவையும் மீண்டவர் இவர் என்பதை மட்டும் இங்கே ஞாபகம் வெச்சுக்குங்க. மனுஷன் ஏன் சீக்கிரம் சாகிறான்ங்கிற கேள்வியை அவர் கடைசி வரை விடாததுக்கு இதுவும் ஒரு காரணம்னு எனக்குத் தோணுது.

1882-ல் வேலையை விட்டுட்டு, குடும்பத்தோட இத்தாலியின் மெசினா நகரத்துக்குப் போனார். ஒருநாள் வீட்டில் எல்லாரும் சர்க்கஸ் பார்க்கக் கிளம்பிட்டாங்க. இவர் மட்டும் மைக்ராஸ்கோப்பும் கையுமா உட்கார்ந்திருந்தார். நட்சத்திர மீனோட குட்டி லார்வா, கண்ணாடி மாதிரி உள்ளே எல்லாம் தெரியும். அதுக்குள்ளே ஊர்ந்து திரியுற செல்களைப் பார்த்தவருக்கு, இதுங்க காவல்காரங்களா இருக்குமோன்னு பொறி தட்டிச்சு. தோட்டத்திலிருந்து ரோஜா முள்ளை எடுத்து லார்வாவில் குத்திட்டு, ராத்திரியெல்லாம் தூங்காம காத்திருந்தார். காலையில் பார்த்தா, முள்ளைச் சுத்தி செல்கள் மொய்ச்சுக்கிட்டு நின்னுச்சு. லேப் கிடையாது, ஃபண்டிங் கிடையாது, ஒரு முள்ளுதான்!

1888-ல் பாஸ்டர் இவருக்குப் பாரிஸில் தன் நிறுவனத்திலேயே ஒரு லேப் கொடுத்தார். உடம்பைக் காப்பாத்துறது செல்லா, ரத்தத்தில் கரைஞ்சிருக்கிற பொருளான்னு ஜெர்மன் விஞ்ஞானிகளோட வருஷக்கணக்கா சண்டை. 1908-ல் நோபல் பரிசை இவருக்கும் எதிர் கட்சியின் பால் எர்லிக்குக்கும் பிரிச்சுக் கொடுத்தாங்க.

இதுக்குள்ள அவர் மனசு குடலுக்குப் போயிடுச்சு. பெருங்குடலில் அழுகல் பாக்டீரியா விஷம் கக்குது; அந்த விஷத்தில் உடம்போட செல்கள் தளர்ந்துபோகுது; அப்புறம் விழுங்கு செல்கள் சொந்த உடம்பையே தின்ன ஆரம்பிக்குது. இதுதான் முதுமை. முடி நரைக்கிறதுகூட விழுங்கு செல் நிறத்தைத் தின்னுடுறதாலதான்னு எழுதினார். மருந்து? பல்கேரிய கிராமத்து ஆளுங்க குடிக்கிற புளிச்ச பால். அதில் இருக்கிற நல்ல பாக்டீரியா கெட்டதை அடக்கும்னு நம்பி, தானும் தினம் குடிச்சார். அதே காலத்தில் லண்டனில் ஆர்பத்நாட் லேன் என்ற சர்ஜன் மலச்சிக்கலுக்கே பெருங்குடலை வெட்டி எடுத்துக்கிட்டிருந்தார். பெருங்குடல் வேஸ்ட்டுங்கிற அளவுக்கு இந்த தியரிக்கு மவுசு.

முதுமை விஷயத்தில் அவர் கணக்கு தப்பு. ஆனா குடல் பாக்டீரியா ஒருபக்கம், காவல் செல்கள் மறுபக்கம், நடுவில் அடிவாங்குறது சொந்தத் திசுங்கிற அந்தப் படம் வேற ஒரு இடத்தில் கச்சிதமாப் பொருந்துது: குடல் அழற்சி நோய். க்ரோன் நோய், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் ரெண்டும் இந்தக் குடும்பம். இது கிழவங்க நோய் இல்லை. பெரும்பாலும் நம்ம வயசில்தான் ஆரம்பிக்கும். வாரக்கணக்கில் வயித்துப்போக்கு, மலத்தில் ரத்தம், காரணமே இல்லாம எடை குறையுறது, இதெல்லாம் இருந்தா மெஸ் சாப்பாட்டைத் திட்டிட்டு விட்டுடாதீங்க, டாக்டரைப் பாருங்க. தயிரால இது குணமாகும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

அவர்கிட்ட இல்லாதது ஒரு துண்டு. ‘ஜீன்’ங்கிற வார்த்தையே 1909-ல்தான், அவர் நோபல் வாங்கி ஒரு வருஷம் கழிச்சுதான் பிறந்தது. 2001-ல் பிரான்ஸிலும் அமெரிக்காவிலும் ரெண்டு டீம் தனித்தனியா 16-வது குரோமோசோமில் நாட்-2 ஜீனைக் க்ரோன் நோயோட இணைச்சாங்க. இந்த ஜீன் தர்ற புரதம், அதே விழுங்கு செல்லுக்குள்ளே உட்கார்ந்து பாக்டீரியாச் சுவரோட துணுக்கை அடையாளம் காணுற ஒரு சென்சார். சென்சார் பழுதானா, யாரை விடணும் யாரைத் தடுக்கணும்ங்கிற கணக்கு குழம்புது. ஆனாலும் பழுதான ஜீன் இருக்கிற பெரும்பாலானவங்களுக்கு நோய் வர்றதே இல்லை. ஜீன் மட்டும் போதாது.

இங்கேதான் நம்ம நிஜ எலி. அழற்சியை அடக்குற ஐஎல்-10 ஜீனை நீக்கின எலிக்குக் குடல் அழற்சி வரும். அதே எலியைக் கிருமியே இல்லாத கூண்டில் வளர்த்தா வராது. சாதாரண குடல் பாக்டீரியாவை உள்ளே விட்டதும் வந்துடுது. எலிக்கு ரெண்டும் சேரணும். இன்னொரு பக்கம், க்ரோன் நோயாளிகள் பலர்கிட்ட ஃபீகாலிபாக்டீரியம் என்ற பாக்டீரியா குறைஞ்சிருக்கு. நார்ச்சத்தைப் புளிக்க வெச்சு, பெருங்குடல் செல்களுக்குச் சாப்பாடு போடுறது இது. வேஸ்ட்டுன்னு சொன்ன அதே இடத்தில்தான் இந்தச் சமையல் நடக்குது.

1916 ஜூலை 15, பாரிஸில் இதயக்கோளாறால் இறந்தார், வயசு 71. கடைசி நேரத்தில் நண்பரான டாக்டர்கிட்ட, பிரேதப் பரிசோதனையில் குடலைக் கவனமாப் பார்க்கச் சொல்லிட்டுப் போனார். அவர் அஸ்தி பாஸ்டர் நிறுவனத்து லைப்ரரியில் இன்னும் இருக்கு.