கண்ணீரில் கண்ட காவல்

ஸ்காத்லாந்து நாட்டில் டார்வெல் என்னும் சிற்றூரை அடுத்த பண்ணை ஒன்றில், 1881ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 6ஆம் நாள் அலெக்சாண்டர் பிளெமிங் பிறந்தார். உழவராகிய தந்தையை ஏழாம் வயதிலேயே இழந்தார். இளமையில் இலண்டன் மாநகர் சென்று, கப்பல் வாணிக நிலையம் ஒன்றில் நான்கு ஆண்டுகள் எழுத்தராகப் பணிபுரிந்தார். பின்னர், உறவினர் ஒருவர் விட்டுச்சென்ற பொருளில் ஒரு பங்கு கிடைக்கவே, 1901இல் செயின்ட் மேரி மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

1914இல் முதல் உலகப்போர் மூண்டது. பிளெமிங் பிரான்சு நாட்டில் பூலோன் நகரில் இருந்த போர்க்கால ஆய்வுக்கூடத்தில் பணியாற்றினார். குண்டடிக்குத் தப்பிய வீரர் பலர், புண்ணில் புகுந்த கிருமிகளால் மாண்டனர். கிருமிகளைக் கொல்ல ஊற்றிய கார மருந்துகளோ புண்ணின் ஆழத்தை எட்டவில்லை. உடலைக் காக்கும் வெள்ளணுக்களையே அழித்தன. இதனை ஆய்ந்து கண்ட பிளெமிங், உடலுக்கு ஊறு செய்யாமல் கிருமியை மட்டும் கொல்லும் பொருள் உண்டோ என்று தேடலானார்.

1921இல் அவருக்குச் சளி பிடித்தது. தம் மூக்குச் சளியைக் கிருமிகள் வளரும் கண்ணாடித் தட்டில் இட்டார். சளியை அடுத்திருந்த கிருமிகள் கரைந்து மறைந்தன! கண்ணீருக்கும் இவ்வாற்றல் உண்டோ என அறிய விரும்பினார். எலுமிச்சைத் தோலின் சாற்றைக் கண்ணில் இட்டுத் தாமும் கண்ணீர் வடித்தார். பிறரையும் வடிக்கச் செய்தார். கண்ணீர், உமிழ்நீர், முட்டையின் வெண்கரு ஆகிய அனைத்திலும் அப்பொருள் இருந்தது. அதற்கு லைசோசைம் என்று பெயரிட்டு, 1922இல் உலகுக்கு அறிவித்தார். ஆயினும், கொடிய நோய்க் கிருமிகள் பலவற்றை அது வெல்லவில்லை. ஆதலின் அறிஞர் உலகம் அதனைப் பெரிதாகப் போற்றவில்லை.

எனினும் அவ்வுழைப்பு வீண் போகவில்லை. 1928இல் ஒரு தட்டில் பூசணம் படர்ந்து, சுற்றிலும் இருந்த கிருமிகள் அழிந்திருக்கக் கண்டார். முன்பே பழகிய கண்கள் அதன் சிறப்பை உணர்ந்தன. அப்பூசணத்தினின்று வந்த பொருளே பெனிசிலின். அது வெள்ளணுக்களுக்குத் தீங்கு செய்யவில்லை. அதனைத் தூய்மைப்படுத்தி மருந்தாக்கும் வழி அவருக்குப் புலப்படவில்லை. லைசோசைமைப் பற்றி ஆராய்ந்து வந்த ஆக்ஸ்போர்டு அறிஞர்களான புளோரியும் செயினும் அப்பணியை மேற்கொண்டு வெற்றி கண்டனர். 1945இல் மூவருக்கும் நோபெல் பரிசு வழங்கப்பெற்றது. அம்மருந்தைக் குறைந்த அளவில் உட்கொண்டால், கிருமிகள் அதனை எதிர்க்கும் வன்மை பெற்றுவிடும் என்று பிளெமிங் அவ்விழாவிலேயே எச்சரித்தார். 1955இல் மறைந்த அவரது உடற்சாம்பல் இலண்டனில் உள்ள செயின்ட் பால் பேராலயத்தில் வைக்கப்பெற்றது.

அவருடைய எச்சரிக்கை மெய்யாயிற்று. மருந்துகளுக்கு அடங்காத கிருமிகள் பெருகின. எனவே, விலங்குகளின் உடல் தன்னைத்தான் காத்துக்கொள்ளும் முறையை அறிஞர் மீண்டும் ஆராய்ந்தனர். 1981இல் சுவீடன் நாட்டு அறிஞர் போமனும் அவர் குழுவினரும், பட்டுப்பூச்சி இனம் ஒன்றின் உடலில் கிருமியைக் கொல்லும் சிறிய புரதங்களைக் கண்டனர். பிற்காலத்தில் சிலந்தியின் குருதியிலும், உண்ணியிலும், பாம்பிலும் அத்தகைய பொருள்கள் காணப்பட்டன. அவற்றுள் பல, கிருமியின் மேலுறையைத் துளைத்து அதனை அழிக்கின்றன. அவற்றை நல்ல மருந்தாக்கும் முயற்சி தொடர்கின்றது.

துடைத்து எறியும் சளியையும் வழிந்தோடும் கண்ணீரையும் அற்பம் என்று தள்ளாமல் ஆராய்ந்தவர் பிளெமிங். சிறியதைக் கூர்ந்து நோக்கும் பண்பே அவரைப் பெரியவர் ஆக்கியது.