யாக்கோப் கிறிஸ்தோப் லெ புளோன்

யாக்கோப் கிறிஸ்தோப் லெ புளோன் (1667 – மே 16, 1741) ஜெர்மனியின் பிராங்க்ஃபுர்ட் நகரில் பிறந்த ஓவியரும் செதுக்கோவியரும் ஆவார். சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகிய மூன்று மைகளைக் கொண்டு பல நிறப் படங்களை அச்சிடும் முறையை உருவாக்கியவர் இவரே. நிறங்களைக் கலந்து வேண்டிய நிறத்தைப் பெறுவதற்கான நெறியை நூலாகவும் எழுதினார். இன்றைய நான்கு வண்ண அச்சு முறையின் முன்னோடியாக இவர் கருதப்படுகிறார்.

இளமைக் காலம்

லெ புளோன் பிரான்சிலிருந்து குடிபெயர்ந்த சீர்திருத்தத் திருச்சபையினரின் வழிவந்தவர். ரோம் நகரில் சில காலம் தங்கி ஓவியம் பயின்றார். பின்னர் ஆம்ஸ்டர்டாமில் குடியேறி, கையடக்கமான உருவப்படங்களை வரையும் நுண்ணோவியராகத் தொழில் செய்தார். மனிதத் தோலின் நிறத்தைச் சிறிய பரப்பில் துல்லியமாகக் கொண்டுவர வேண்டிய தொழில் அது. 1710 ஆம் ஆண்டையொட்டி வண்ண அச்சு பற்றிய சோதனைகளைத் தொடங்கினார்.

மூன்று மைகள்

அக்காலத்தில் அச்சிட்ட படங்களுக்குப் பெரும்பாலும் தூரிகையால் கையாலேயே வண்ணம் தீட்டினர். சில அச்சர்கள் ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியே கலந்து, ஒரே தகட்டின் வெவ்வேறு பகுதிகளில் பூசி அச்சிட்டனர். இம்முறையில் படத்தில் எத்தனை நிறங்கள் உள்ளனவோ அத்தனை மைகளைக் கலந்து வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

லெ புளோன் கலவையைக் கிண்ணத்திலிருந்து தாளுக்கு மாற்றினார். ஒரே படத்துக்கு மூன்று செப்புத் தகடுகளைச் செய்து, ஒன்றில் சிவப்பு, ஒன்றில் மஞ்சள், ஒன்றில் நீல மை பூசி, ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டார். மஞ்சளும் நீலமும் படிந்த இடம் பச்சையாகத் தெரிந்தது. மஞ்சளும் சிவப்பும் செம்மஞ்சளைத் தந்தன. சிவப்பும் நீலமும் ஊதாவைத் தந்தன. மூன்றும் அழுத்தமாகப் படிந்த இடம் கருமையானது. மை எதுவும் படியாத இடம் தாளின் வெண்மையைக் காட்டியது.

இதற்கு அவர் மெசோடின்ட் என்னும் செதுக்கு முறையைப் பயன்படுத்தினார். இதில் தகட்டின் பரப்பு முழுவதும் முதலில் சொரசொரப்பாக்கப்படும். பின்னர் ஒளி வேண்டிய இடங்கள் சுரண்டி மழமழப்பாக்கப்படும். சொரசொரப்பு மிகுந்த இடம் அதிக மையைப் பிடித்துக்கொள்ளும். மழமழப்பான இடம் குறைவாகவே பிடிக்கும். இதனால் ஒவ்வொரு நிறத்தின் அளவையும் இடத்துக்கு இடம் கூட்டவும் குறைக்கவும் முடிந்தது. எந்த இடத்தில் எந்த நிறம் எவ்வளவு தேவை என்பதைக் கண்ணாலேயே கணித்துத் தகடுகளைச் செதுக்க வேண்டியிருந்தது. ஒளிப்படக் கலை தோன்ற இன்னும் ஒரு நூற்றாண்டு இருந்தது.

அடியில் உள்ள நிறம் மேலே தெரிய வேண்டுமானால் மை ஒளி ஊடுருவக் கூடியதாக இருத்தல் வேண்டும். 18 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் கண்டுபிடிக்கப்பட்ட பிரசிய நீலம் இதற்கு ஏற்றதாக அமைந்தது.

இலண்டன்

1719 இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜார்ஜிடமிருந்து காப்புரிமை பெற்றார். அடுத்து, புகழ்பெற்ற ஓவியங்களின் வண்ணப் படிகளை விற்கப் பங்குதாரர்களின் முதலீட்டில் ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. ஆயிரக்கணக்கான படங்கள் அச்சிடப்பட்டன. ஆனால் செலவு வருவாயை மிஞ்சியதால் சில ஆண்டுகளிலேயே நிறுவனம் நொடித்துப்போனது. பின்னர் 1727 இல் இதே நிறக்கலவை முறையைத் திரைச்சீலை நெசவில் கையாளவும் காப்புரிமை பெற்றார். அம்முயற்சியும் தோல்வியில் முடிந்தது.

கொலோரித்தோ

1725 அளவில் கொலோரித்தோ என்னும் இவரது நூல் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் ஒருங்கே வெளிவந்தது. மூன்று அடிப்படை நிறங்கள் என்ற கருத்து ஓவியர்களிடையே முன்னரே இருந்ததுதான். அதை அச்சில் செயல்படுத்தி, விதியாக எடுத்துரைத்தது லெ புளோனின் பங்களிப்பாகும். ஒளியின் நிறங்கள் எல்லாம் கூடினால் வெண்மையும், மை போன்ற பொருள்களின் நிறங்கள் எல்லாம் கூடினால் கருமையும் உண்டாகும் என்று அவர் வேறுபடுத்திக் காட்டினார். நியூட்டன் ஆராய்ந்தது ஒளியை. தாம் கையாள்வது பொருளை என்பதில் அவர் தெளிவாக இருந்தார்.

இறுதிக் காலம்

1730களில் பாரிசுக்குச் சென்றார். 1737 இல் மன்னர் பதினைந்தாம் லூயி இவருக்குத் தனியுரிமை வழங்கினார். செய்முறையை அரசு நியமித்தவர்கள் முன் செய்துகாட்ட வேண்டும் என்பது அதன் நிபந்தனை. அப்போது அவருக்கு வயது 70. மன்னரின் உருவப்படம் உள்ளிட்ட சில அச்சுகளை அங்கே உருவாக்கினார். 1741 இல் வறுமையில் காலமானார்.

உரிமைத் தகராறு

லெ புளோனிடம் சிறிது காலம் பணியாற்றிய ஜாக் ஃபபியன் கோத்தியே தகோத்தி, கறுப்பு மைக்கான நான்காம் தகட்டைச் சேர்த்து, இம்முறை தம்முடையதே என்று உரிமை கொண்டாடினார். லெ புளோனும் சில வேளைகளில் நான்காம் தகட்டைப் பயன்படுத்தியிருந்தார். செய்முறை நேரில் காட்டப்பட்டபோது அதைப் பார்த்திருந்த அந்துவான் கோத்தியே தெ மோந்தோர்ஜ், 1756 இல் கொலோரித்தோவைச் செய்முறை விளக்கத்துடன் மீண்டும் பதிப்பித்து, கண்டுபிடிப்பு லெ புளோனுடையது என நிலைநாட்டினார்.

தாக்கம்

மாணவர் யான் லாட்மிரால் இம்முறையில் உடற்கூற்றுப் படங்களை வெளியிட்டார். ஆயினும் தகடு செதுக்கும் உழைப்பு மிகுதியாக இருந்ததால் இம்முறை பரவவில்லை. 19 ஆம் நூற்றாண்டில் ஒளிப்படத்தின் உதவியால் நிறங்களைப் பிரிக்க முடிந்த பின்னரே மூவண்ண அச்சு பெருந்தொழிலாக வளர்ந்தது. இன்றைய அச்சில் சிவப்புக்கும் நீலத்துக்கும் பதிலாக மெஜந்தா, சயான் ஆகிய மைகள் மஞ்சளுடனும் கறுப்புடனும் பயன்படுகின்றன. ஊற்றுப்பேனாவுக்கு நீல மையையும் சிவப்பு மையையும் கலந்து ஊதா மை செய்துகொள்பவரும் இதே விதியையே பின்பற்றுகிறார். லெ புளோன் அச்சிட்ட படங்களுள் மிகச் சிலவே இன்று எஞ்சியுள்ளன.