‘ஸ்ரீமான்’ போய் ‘தோழர்’ வந்தது எப்படி? பெரியாரின் ‘குடி அரசு’ மாற்றிய ஒரு சொல்

இன்னிக்கு ‘தோழர்’ என்றதும் கம்யூனிஸ்ட் கட்சி மேடைதான் சட்டென்று நினைவுக்கு வரும். ஆனால் 1930-களில் ஈரோட்டிலிருந்து வந்த ‘குடி அரசு’ வார இதழில் நண்பர், எதிரி எல்லாருக்குமே அதுதான் அடைமொழி. காரணம், அதன் ஆசிரியர் ஈ.வெ.ராமசாமி.

முன்பு எப்படி இருந்தது?

1879 செப்டம்பர் 17-ல் ஈரோட்டின் வசதியான வணிகக் குடும்பத்தில் பிறந்தவர் ஈ.வெ.ரா. நகராட்சித் தலைவர், காங்கிரஸ் தலைவர் எனப் பொறுப்புகளில் இருந்தவர், 1925 மே 2-ல் ‘குடி அரசு’ இதழைத் தொடங்கினார். வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் ஏற்கப்படாததால், அதே ஆண்டு நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டோடு காங்கிரஸை விட்டு வெளியேறினார்.

அந்தக் காலச் செய்திகளில் பெரிய மனிதர்களின் பெயர் தனியாக வராது. முன்னால் ‘ஸ்ரீமான்’, ‘மகாராஜராஜஸ்ரீ’, ‘திருவாளர்’ என்று ஏதாவது ஒன்று இருக்கும். பின்னால் சாதிப் பட்டம் இருக்கும். சேதி என்ன என்று படிப்பதற்கு முன்பே, ஆள் எந்தச் சாதி, எவ்வளவு மதிப்புள்ளவர் என்பது தெரிந்துவிடும். ‘குடி அரசு’ம் இதற்கு விலக்கல்ல. அதிலும் ‘ஸ்ரீமான்’கள் நிறைய. ஆசிரியர் பெயரே ஈ.வெ.ராமசாமி நாயக்கர் என்றுதான் அச்சானது.

முதலில் பட்டம், பிறகு அடைமொழி

முதலில் போனது பெயருக்குப் பின்னால் இருந்த பட்டம். 1927 டிசம்பரில் இதழில் தன் பெயரிலிருந்து ‘நாயக்கர்’ என்பதை எடுத்தார். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு, சாதிப் பட்டங்களைக் கைவிடும்படி எல்லாரையும் கேட்டுக்கொண்டது.

பெயருக்கு முன்னால் இருந்ததை மாற்றியது ஒரு பயணம். 1931 டிசம்பரில் சென்னையில் கப்பல் ஏறியவர், சோவியத் ரஷ்யா, ஜெர்மனி, இங்கிலாந்து உள்ளிட்ட நாடுகளைச் சுற்றிவிட்டு 1932 நவம்பரில் ஊர் திரும்பினார். வந்த கையோடு, நவம்பர் 13 இதழில் ஒரு வேண்டுகோள் வெளியானது. இனி ஒருவரை ஒருவர் அழைக்கவும், பெயருக்கு முன் மரியாதைக்குப் போடவும் ‘தோழர்’ என்ற சொல்லையே பயன்படுத்த வேண்டும் என்பதுதான் அது.

ஏன் இந்தச் சொல்?

ரஷ்யப் பயணத்தின் தாக்கம் இதில் தெரிந்தாலும், தோழர் பழைய தமிழ்ச் சொல்தான். கூட இருப்பவர், சமமானவர் என்பதே அதன் பொருள். சாதி தெரியாது, சொத்து தெரியாது. ‘ஸ்ரீமான்’, ‘ஸ்ரீமதி’ மாதிரி ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்றும் வேண்டாம்.

இது இயக்கத்துக்காரர்களோடு நிற்கவில்லை என்பதுதான் முக்கியம். அரசியலில் கடுமையாக எதிர்த்த ராஜகோபாலாச்சாரியாரும் சத்தியமூர்த்தியும்கூட ‘குடி அரசு’ பக்கங்களில் தோழர்களே. விமர்சனம் காரமாக இருக்கும்; அடைமொழி மட்டும் மாறாது.

எல்லாரையும் ஒரே சொல்லால் அழைக்கச் சொன்னவருக்கே பிறகு தனிப் பெயர் ஒன்று வந்தது. அந்த வேண்டுகோள் வெளியாகிச் சரியாக 6 ஆண்டுகள் கழித்து, 1938 நவம்பர் 13-ல் சென்னையில் கூடிய தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு, இனி அவரைப் ‘பெரியார்’ என்றே அழைக்க வேண்டும் எனத் தீர்மானித்தது. 1973 டிசம்பர் 24-ல் அவர் மறைந்தபோது நாடே அவரை அந்தப் பெயரில்தான் அறிந்திருந்தது. அவர் கேட்டுக்கொண்ட சொல், இயக்க மேடைகளிலும் கட்சி இதழ்களிலும் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது.