சமையலறையில் பிறந்த ஹெட்போன்

பிரசங்கம் காதில் விழவில்லை. அதனால் ஒருவர் ஒரு கருவி செய்தார். இன்று உலகமே அதைத் தலையில் மாட்டிக்கொண்டு திரிகிறது! அவர்தான் நத்தானியேல் பால்ட்வின்.

அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் உள்ள பில்மோர் என்ற சிற்றூரில், 1878-ம் ஆண்டு பால்ட்வின் பிறந்தார். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் படித்தார். மார்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்.

சால்ட் லேக் நகரில் அந்தப் பிரிவினரின் பிரமாண்டமான பிரார்த்தனைக் கூடம் இருக்கிறது. ஆயிரக்கணக்கானோர் கூடும் அந்த இடத்தில், பேசுவோரின் குரல் அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. மெல்லிய ஒலியைத் தெளிவாகக் கேட்க வழி தேடினார்.

கடற்படைக்கு ஒரு கடிதம்

1910-ம் ஆண்டு அமெரிக்கக் கடற்படைக்கு ஒரு கடிதம் வந்தது. வண்ணக் காகிதத்தில் ஊதா மையால் எழுதப்பட்டிருந்தது. கூடவே ஒரு ஜோடி ஹெட்போன்.

அதிகாரிகள் சோதித்துப் பார்த்தார்கள். அசந்து போனார்கள்! கம்பியில்லாத் தந்தியில் வரும் மிக மெல்லிய ஒலிகூடத் தெளிவாகக் கேட்டது.

உடனே ஆர்டர் கொடுத்தார்கள். ஆனால் ஒரு தடவைக்குப் பத்து ஹெட்போன்தான் அனுப்ப முடியும் என்றார் பால்ட்வின். காரணம்? அவருடைய தொழிற்சாலையே வீட்டுச் சமையலறைதான்!

உள்ளே என்ன?

காந்தத்தின் முனைகளுக்கு நடுவே ஒரு சிறு இரும்புத் துண்டு. அதனுடன் ஒரு மெல்லிய கம்பி. கம்பியின் மறுமுனையில் அப்பளம்போன்ற அபிரகத் தகடு. மின்சாரம் சிறிது மாறினாலும் இரும்பு அசையும். உடனே தகடு அதிரும். அதுவே ஒலி.

அவர் செய்த கிண்ணத்தின் பின்புறம் மூடியே இருந்தது. அது தந்திக்காரர்களுக்கு ஏற்றது. மூடிய கிண்ணம் வெளிச் சத்தத்தைக் குறைக்கும். உள்ளே ஒலிப்பது வெளியே அதிகம் கசியாது. தாள ஒலி கனமாக விழும். ஆனால் பாட்டு தலைக்குள்ளேயே அடைபட்டதுபோல் தோன்றும்.

1968-ம் ஆண்டு ஜெர்மனியின் சென்ஹைசர் கம்பெனி, பின்புறம் திறந்த ஹெட்போனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதில் காற்று தடையின்றிப் போய் வரும். பாட்டு பெரிய மண்டபத்திலிருந்து வருவதுபோல் விரிந்து கேட்கும். ஆனால் தெருவின் இரைச்சலும் உள்ளே வரும். பக்கத்தில் இருப்பவருக்கும் நம் பாட்டு கேட்கும்!

பஸ்ஸில் போகிறவருக்கு மூடியது நல்லது. அமைதியான அறையில் பாட்டை ரசிப்பவருக்குத் திறந்தது நல்லது.

உச்சியும் வீழ்ச்சியும்

1920-க்குப் பிறகு அமெரிக்க வீடுகளில் ரேடியோ நுழைந்தது. அந்தக் காலத்து எளிய ரேடியோவைக் காதில் ஹெட்போன் மாட்டித்தான் கேட்க வேண்டும். பால்ட்வினின் தொழிற்சாலை வளர்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் வேலை செய்தார்கள். பணம் கொட்டியது.

அந்தப் பணத்தை அவர் தமக்கென்று சேர்த்து வைக்கவில்லை. பலதார மணம் என்ற பழைய வழக்கத்தை மார்மன் சபை கைவிட்டிருந்தது. அதை விடாமல் பிடித்திருந்த கூட்டத்தாருக்கு அள்ளிக் கொடுத்தார். 1924-ல் கம்பெனி திவாலானது. பங்குகளை விற்றதில் தபால் மூலம் மோசடி நடந்ததாக வழக்கு வந்தது. குற்றவாளி என்று தீர்ப்பாகி, சிறைக்கும் போனார்.

1961-ம் ஆண்டு, 82-ம் வயதில் பால்ட்வின் காலமானார். கோடியில் புரண்டவர் கையில், கடைசியில் காசு இல்லை. ஆனால் சமையலறை மேஜையில் அவர் செய்த கருவியின் வழித்தோன்றல்கள், இன்றும் கோடிக்கணக்கான காதுகளில் பாடிக்கொண்டிருக்கின்றன.