செதிலில் வயதைக் கண்ட துணி வியாபாரி

மாணவர்களே, மீனின் வயதை அறிய அதன் தலையைப் பிளந்து, உள்ளிருக்கும் காதுக்கல்லை எடுத்து வளையங்களை எண்ணுவார்கள். கணக்கு கிடைக்கும், மீன் இருக்காது. கொல்லாமலே வயதைச் சொல்லலாம் என்பதற்கு வழி திறந்துவிட்டவர் ஒரு துணி வியாபாரி.

அந்தோணி வான் லீவன்ஹூக் 1632இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில், கூடை முடைபவரின் மகனாகப் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். 16 வயதில் ஆம்ஸ்டர்டாமில் துணிக்கடை வேலை பழகினார். பல்கலைக்கழகம் போனதில்லை; அன்றைய அறிஞர்களின் லத்தீன் மொழியும் தெரியாது. ஆனால் உருப்பெருக்கிக் கண்ணாடிகளைத் தாமே தேய்த்துச் செய்தார், 500க்கும் மேல்! 1673 முதல் லண்டன் அரச கழகத்துக்குத் தம் டச்சு மொழியிலேயே கடிதம் எழுதினார். நுண்ணுயிர்களைக் கண்டவர் என்றுதான் பள்ளிப் புத்தகம் அவரைச் சொல்லும். எனக்கென்னவோ அவருடைய மீன் செதில்தான் பிடிக்கும்.

கெண்டையின் செதிலில், பழைய தகட்டின் அடியில் ஆண்டுதோறும் அதைவிடப் பெரிய தகடு ஒன்று சேர்வதாக அவர் கண்டார். தகடுகளை எண்ணினார், வயது வந்தது. குளிர்காலத்தில் மீனின் வளர்ச்சி குறைவதால் செதில் கோடுகள் நெருங்கும், கோடையில் விலகும். 1723இல், 90 வயதில் அவர் இறந்தார். 1898இல்தான் ஜெர்மனியில் ஹோஃப்பவர் என்பவர், வயது தெரிந்த கெண்டைகளை வைத்துச் செதில் கணக்கைச் சரிபார்த்துக் காட்டினார்.

இன்று சில செதில்களை மட்டும் எடுத்துக்கொண்டு மீனை ஆற்றில் விட்டுவிடுகிறார்கள். செதில் மீண்டும் முளைக்கும். முளைத்த செதிலின் நடுவில் கோடு இராது, இளம் வயதுக் கணக்கு அதில் தொலைந்திருக்கும். அதனால்தான் ஒன்றோடு நிற்காமல் பல செதில்களை எடுக்கிறார்கள்.

ஈஜோக்கில் இருக்கும் நமக்கோ வேறொரு சிக்கல். இங்கே குளிர்காலம் ஏது? சிலாங்கூர் ஆற்று மீனின் செதிலில் வளையம் தெரிந்தாலும், அது ஓர் ஆண்டின் அடையாளமா, மழைக்காலத்தினுடையதா, முட்டையிட்டதால் வந்ததா என்று முதலில் தெரிய வேண்டும். மீனுக்கு அடையாளமிட்டு ஆற்றில் விட்டு, பின்னொரு நாள் மறுபடி பிடித்துப் பார்த்தால்தான் அது விளங்கும். கெளுத்திக்குச் செதிலே கிடையாது. அதன் துடுப்பு முள்ளில் சிறு துண்டை வெட்டி, மெல்லிய சீவலாக்கி, அதிலுள்ள வளையங்களை எண்ணுகிறார்கள்.

அடுத்த முறை வீட்டில் திலாப்பியா கழுவும்போது ஒரு செதிலை எடுத்து வையுங்கள். சோப்பு நீரில் கழுவி, இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே வைத்து, பள்ளி நுண்ணோக்கியில் பாருங்கள்.